கச்சேரில நிரவல் எங்க ஆரம்பிக்குதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

கர்னாடக சங்கீதக் கச்சேரிக்குப் போறவங்கள்ல நிறைய பேருக்கு ஆலாபனைன்னா (சொல்லு இல்லாம ராகத்த மட்டும் பாடுறது) தெரியும், ஸ்வரம் பாடினா தெரியும், தனி (மிருதங்கம் மட்டும் தனியா வாசிக்கற கட்டம்) வந்தா எழுந்து கேன்டீனுக்குப் போகவும் தெரியும், ஆனா நடுவுல பாடகர் ஒரே வரிய புடிச்சுகிட்டு பத்து நிமிஷம் சுத்தும்போது மட்டும் "என்ன இவரு இதையே பாடுறாரு"ன்னு முழிப்பாங்க. அதான் நிரவல்.

கர்னாடக சங்கீதத்துல பாதி விஷயத்துக்குப் பேரு சம்ஸ்கிருதத்துல இருக்கும், நிரவல்ங்கறது நம்ம தமிழ். பள்ளத்துல மண்ணப் போட்டு நிரவுறோம், சூடு சாதத்த தாம்பாளத்துல கொட்டி நிரவி விடுறோம்ல, அதே நிரவு தான். பாட்டுல ஒரு வரிய எடுத்து, அதோட சொல்லுங்கள தாளத்துல அதது இருக்கற இடத்துலயே வச்சுகிட்டு, மெட்ட மட்டும் மாத்தி மாத்தி ராகத்த பரப்புறது. வித்வான்கள் பேச்சுல நெரவல்னு தான் வரும். சாகித்ய விந்நியாசம்னு ஒரு பெரிய பேரும் உண்டு, அத புஸ்தகத்துல தான் பாக்கலாம்.

சரி, எப்படி புடிக்கிறது? முத்துசுவாமி தீட்சிதரோட வாதாபி கணபதிம் (ஹம்சத்வனி ராகம்) எல்லாருக்கும் தெரியும், அதுல சரணத்துல, அதாவது பாட்டோட கடைசிப் பகுதில, வர "ப்ரணவ ஸ்வரூப வக்ரதுண்டம்" வரி தான் நிரவலுக்கு ரொம்ப பேரு எடுக்கற இடம். மொதல்ல அந்த வரிய சாதாரணமா ஒரு நாலஞ்சு தடவ கேளுங்க, கையில ஆதி தாளம் (எட்டு எண்ணிக்கை) போட்டுகிட்டே, "ப்ரணவ" எந்தத் தட்டுல ஆரம்பிக்குது "வக்ர" எங்க விழுதுன்னு மட்டும் கவனிங்க. அது மனசுல நின்னுடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது. அப்புறம் பாடகர் எவ்வளவு வளைச்சு வளைச்சுப் பாடினாலும் சொல்லு அந்த இடத்த ஒட்டியே வந்து உக்காரும், கொஞ்சம் முன்ன பின்ன போனாலும் திரும்பி எடுப்புக்கு, அதாவது தாளத்துல வரி ஆரம்பிக்கற இடத்துக்கு, வந்துடணும். அப்படி வரலைன்னா மிருதங்கக்காரர் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுடும்.

இதையும் சங்கதியையும் நிறைய பேரு குழப்பிப்பாங்க. சங்கதின்னா ஒரு வரிய வேற வேற மெட்டுல திருப்பிப் பாடுறது, ஆனா அது ஏற்கனவே பாடாந்தரத்துல (குரு வழியா வந்த பாட்டு முறைல) இருக்கறது, குரு சொல்லிக் குடுத்த வரிசைல வரும். நிரவல் அங்கயே மேடைலயே உண்டாகுறது. ஒரே பாடகரோட ரெண்டு ரெக்கார்டிங் எடுத்து கேட்டுப் பாருங்க, சங்கதி ஏறக்குறைய அப்படியே இருக்கும், நிரவல் வேறயா இருக்கும்.

பொதுவா கீழ ஆரம்பிச்சு மெல்ல மெல்ல மேல போவாங்க, ஹம்சத்வனின்னா மேல் ஷட்ஜத்த தாண்டி ரிஷபம் காந்தாரம் வரைக்கும் போயி அங்க கொஞ்சம் நின்னு விளையாடுவாங்க, ஒவ்வொரு சுத்துக்கும் வயலின் பதில் சொல்லும். அப்புறம் மேல்காலம். அதே வரி வேகமா, நெருக்கமா வரும். அது முடிஞ்சா பெரும்பாலும் அதே வரியிலயே ஸ்வரத்துக்குப் போயிடுவாங்க, ஸரிகமன்னு காதுல விழுந்தா நிரவல் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

நீங்களே பாடிப் பாக்கணும்னா ஆரம்பத்துல வரியோட கடைசிய மட்டும் மாத்துங்க, "துண்டம்" மட்டும் வேற வேற ஸ்வரத்துல முடியட்டும், மிச்சம் அப்படியே இருக்கட்டும். ஆனா மூச்சு எடுக்கற இடம் முக்கியம், "ஸ்வரூ"ன்னு நிறுத்தி மூச்சு வாங்கிட்டு "ப வக்ர"ன்னு ஆரம்பிச்சா அர்த்தமே கெட்டுடும். பெரிய மேடைலயே இந்தக் கொடுமை நடக்குது, என்னைக் கேட்டா சொல்லு உடையறத விட ரெண்டு பிருகா (வேகமா உருட்டிப் பாடுற ஸ்வரக் கோர்வை) கம்மியா பாடினா ஒண்ணும் குறைஞ்சுடாது. ராகம் தானம் பல்லவில பல்லவி பாடும்போது இன்னும் கெடுபிடி, அங்க அருதி (வரி நடுவுல நிக்கற இடம்) நகரவே கூடாது.

கேக்கறதுக்கு செம்மங்குடி சீனிவாசய்யர், கே.வி. நாராயணசாமி ரெண்டு பாடகர்களோட பழைய கச்சேரி ரெக்கார்டிங்ல இருந்து ஆரம்பிங்க. தியாகராஜரோட பக்கல நிலபடில "தனுவுசே" நிரவல் அருமையா இருக்கும், ஆனா அது மிஸ்ர சாபு, ஏழு எண்ணிக்கை தாளம், புதுசா தாளம் போடுறவங்களுக்கு கை தடுமாறும், அதனால மொதல்ல அவரோட ஓ ரங்கசாயில வர "பூலோக வைகுண்டம்" கேளுங்க, காம்போதி ராகம், ரெண்டு களை ஆதி (ஒவ்வொரு எண்ணிக்கையும் ரெண்டு தடவ போடுற மெதுவான ஆதி தாளம்), சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவுல இடம் நல்லாவே தெரியும்.