பிளேஸ்டேஷனில் நாட் டைப் 3: என் அனுபவம்

படம் ஓடும், கேம் டவுன்லோடு ஆகும், பார்ட்டியில் (நண்பர்கள் சேர்ந்து பேசும் குரல் அரட்டையில்) நண்பன் பேசுவது மட்டும் கேட்காது. எங்கள் வீட்டு பிளேஸ்டேஷன் 4-இல் இதுதான் சிக்கல். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் இணைப்பைச் சோதித்தால் 'நாட் டைப் 3' என்றது. நாட் (NAT) என்பது வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே இணைய முகவரியைப் பயன்படுத்த ரவுட்டர் செய்யும் ஏற்பாடு. டைப் 3 என்றால், வெளியிலிருந்து வருகிற இணைப்பு கன்சோலை எட்டவில்லை என்று அர்த்தம். இதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை; பெரிய பிளானுக்கு மாறச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

என் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வான் (WAN) ஐபியை, அதாவது ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்த முகவரியை, பார்த்தேன். 192.168 என்று தொடங்கியது; அது வீட்டுக்குள் மட்டும் பயன்படும் முகவரி. சரி, விஷயம் புரிந்துவிட்டது. ஃபைபர்காரர் மாட்டிய பெட்டியே ஒரு ரவுட்டர். அதன் பின்னால் என்னுடையது இன்னொன்று. ஒரே வீட்டுக்கு இரண்டு வாட்ச்மேன். என் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு, வைஃபை மட்டும் தரும் நிலைக்கு) மாற்றினேன். (மாற்றியதும் அதன் பழைய முகவரி திறக்காது, பதற வேண்டாம்.) அப்புறம் ஃபைபர் பெட்டியில் யுபிஎன்பியை (UPnP: கன்சோல் தனக்கு வேண்டிய வழியை ரவுட்டரில் தானே திறந்துகொள்ளும் வசதி) ஆன் செய்து, கன்சோலை ரீஸ்டார்ட் செய்தேன். டைப் 2 வந்தது, குரலும் வந்தது. டைப் 1-க்கு ஆசைப்பட வேண்டாம். ரவுட்டரே இல்லாமல் நேராகச் செருகினால்தான் அது வரும்.

ஃபைபர் பெட்டியின் வான் ஐபி 100.64 முதல் 100.127-க்குள் இருந்தால் கதை வேறு. கம்பெனி ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறது. அவர்களிடமே பப்ளிக் ஐபி கேளுங்கள்.