கிரேக்கத் தீவுகளைக் கப்பலில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

மத்தியதரைக் கடலில் தீவு தீவாகச் சுற்ற விரும்புவோர் பலர், புகழ்பெற்ற பெயர்களை முதலில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கிடையே வழி உண்டா என்று பிறகே பார்க்கிறார்கள். கிரேக்கத்தில் இது எடுபடாது. மேற்கே அயோனியக் கடலில் உள்ள கோர்ஃபுவிலிருந்து ஏஜியன் கடலின் சைக்லடீஸ் தீவுகளுக்கு நேரடிக் கப்பல் இல்லை. ஒரு தீவுக்கூட்டத்தை மட்டும் தேர்ந்து, அதிலும் ஒரே கப்பல் வழித்தடத்தில் வரும் தீவுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் முறை செல்பவருக்கு சைக்லடீஸில் உள்ள சாண்டோரினி, நாக்ஸோஸ், பாரோஸ் ஆகிய மூன்றும் ஒரு வாரத்துக்குப் போதும். இரண்டோடு நிறுத்திக்கொண்டாலும் குறைவில்லை.

ஏதென்ஸிலிருந்து தொலைவில் இருக்கும் சாண்டோரினியை முதலில் பார்த்துவிட்டு, நாக்ஸோஸ், பாரோஸ் வழியாக ஏதென்ஸை நோக்கித் திரும்புவது நல்லது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி என்னும் காற்றே இதற்குக் காரணம். வானம் தெளிவாக இருக்கும்போதே அது வலுத்துவிடும். துறைமுக அதிகாரிகள் கப்பல்களைப் புறப்பட விடமாட்டார்கள், விரைவுப் படகுகளே முதலில் நிற்கும். விடுமுறை முடியும் தறுவாயில் தொலைதூரத் தீவில் சிக்கிக்கொண்டால் விமானத்தைத் தவறவிட நேரும் என்பதால், கடைசி இரவை ஏதென்ஸுக்கென்று ஒதுக்கிவிட வேண்டும்.

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்கு விமான நிலையத்திலிருந்து மெட்ரோ ரயில் நேரடியாகச் செல்கிறது. துறைமுகம் மிகப் பெரியது. நுழைவாயில்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருப்பதால், எந்த வாயிலில் கப்பல் நிற்கும் என்பதை முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பெரிய கப்பலில் சாண்டோரினிக்குச் சுமார் எட்டு மணி நேரம் ஆகும். விரைவுப் படகில் நேரம் மிச்சம்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலும் மூடிய கூடத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தீவுப் பயணத்தில் கடலைப் பார்க்காமல் போவதில் என்ன இருக்கிறது? பகலில் சென்று சேரும் பெரிய கப்பலில், திறந்த மேல்தளத்துக்கான மலிவான சீட்டே என் தேர்வு. கப்பல் வடக்கிலிருந்து, சாண்டோரினியின் கடல்நீர் நிறைந்த எரிமலைப் பள்ளத்துக்குள் நுழையும்போது இடப்பக்கம் நின்றால், கறுப்பும் செம்மையுமாக அடுக்கடுக்காய் உயரும் பாறைச் சுவரும் அதன் விளிம்பில் வெள்ளை வீடுகளும் கண்முன் விரியும். விடுதியின் மாடியிலிருந்து பார்ப்பதைவிட இது மேல்.

பெட்டிகளை வண்டிகள் நிற்கும் கீழ்த்தளத்தில், இறங்கும் தீவின் பெயருள்ள அடுக்கில் வைக்க வேண்டும். இடைத் தீவுகளில் கப்பல் சில நிமிடங்களே நிற்கும் என்பதால், அறிவிப்பு வந்தவுடன் கீழே வந்துவிட வேண்டும்.

நாக்ஸோஸில் துறைமுகத்தை ஒட்டி, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்கப்படாமல் போன கோயிலின் பளிங்கு வாயில் தனியே நிற்கிறது. அங்கே மாலையில் கூட்டம் சேரும். பேருந்தில் உள்ளே சென்றால், பளிங்கு பாவிய தெருக்களைக் கொண்ட அபிராந்தோஸ் போன்ற மலையூர்கள் அமைதியாக இருக்கும். கடற்கரையோடு திரும்பிவிடுவோர் இழப்பது இதைத்தான்.

அதிகாரிகளின் தடையால் கப்பல் ரத்தானால், பணத்தைத் திரும்பப் பெறலாம் அல்லது வேறு கப்பலுக்குச் சீட்டை மாற்றிக்கொள்ளலாம். விடுதிக் கட்டணத்துக்கு அந்த உறுதி இல்லை. ஆகவே கடைசி நேரம் வரை கட்டணமின்றி ரத்துசெய்யக்கூடிய அறைகளையே பதிவுசெய்ய வேண்டும்.