குழந்தையின் பெயரை முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சேர்ப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோருக்கான செய்முறை விளக்கம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி 11 முதல் நடைமுறையில் உள்ளது. ஊரில் பலர் இன்றும் இதைக் ‘கலைஞர் காப்பீடு’ என்றே சொல்கிறார்கள். 2009-இல் தொடங்கிய முந்தைய திட்டத்தின் பெயர் அது. அட்டையே எடுக்காத குடும்பங்கள் ஒருபுறமிருக்க, முகாமில் அட்டை எடுத்த பிறகு பிறந்த பிள்ளையின் பெயரைச் சேர்க்காமலே விட்டுவிட்ட குடும்பங்களும் நம் பகுதியில் பல உண்டு. அந்தக் குறை, குழந்தையை மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் தெரிய வருகிறது. ஆகவே குழந்தை நலமாக இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுவது அவசியம்.

தகுதி உண்டா என்று பார்த்தல்

குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு மேல் இருக்கக் கூடாது. முன்பு இந்த வரம்பு ரூ.72,000 ஆக இருந்தது. அந்தக் காலத்தில் ‘உங்களுக்குத் தகுதியில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இப்போது மறுபடி விண்ணப்பிக்கலாம். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வசிப்போருக்கு வருமான வரம்பு கிடையாது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். இந்தத் தொகை முழுக் குடும்பத்துக்கும் சேர்த்தது, பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அன்று.

குழந்தையின் ஆவணங்களைச் சரிசெய்தல்

பொறுமை தேவைப்படும் பகுதி இதுதான். பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை ஆகிய மூன்றையும் இதே வரிசையில் சரிசெய்துகொண்டு வந்தால், காப்பீட்டு அட்டையில் பெயர் சேர்ப்பது எளிதாகிவிடும்.

பிறப்பை 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். நம் பக்கத்தில் குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிய பிறகுதான் பெயர் வைப்பது என்று இருக்கும் வீடுகளில், பெயர் இடம் காலியாக உள்ள சான்றிதழே பெட்டியில் கிடக்கும். பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்க முடியும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் ஆதார் எடுக்கலாம். கைரேகை எடுக்க மாட்டார்கள். பெற்றோரில் ஒருவருடைய ஆதாரோடு இணைப்பார்கள். ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பிக்க வேண்டும்.

அடுத்து, குடும்ப அட்டையில் உறுப்பினராகச் சேர்க்க, பொது விநியோகத் திட்ட இணையதளத்திலோ அருகிலுள்ள இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பதிவேற்றும் முன் எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ‘கனிஷ்கா’, ஆதாரில் ‘கனிஸ்கா’, தந்தையின் முன்னெழுத்து ஒன்றில் முன்னால், மற்றொன்றில் பின்னால் என்று இருந்தால், பின்னாளில் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே மற்றவற்றை அமைத்துக்கொள்வது நல்லது.

வருமானச் சான்று

கிராம நிர்வாக அலுவலரிடமோ வருவாய்த் துறையிடமோ பெறலாம். இ-சேவை மையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். கூலி வேலை என்றால் ஆண்டு முழுவதும் வேலை இருந்ததாகக் கணக்கிட்டுச் சொல்லிவிடாமல், உண்மையில் எத்தனை மாதம் வேலை கிடைத்தது என்பதை விளக்கிச் சொல்லுங்கள். மாங்கூழ் ஆலையில் பருவத்துக்கு மட்டும் வேலை பார்ப்பவர்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு

காப்பீட்டுத் திட்டப் பதிவு மையம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் செயல்படுகிறது. குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றின் அசலையும் நகலையும் எடுத்துச் செல்லுங்கள்; குழந்தையையும் அழைத்துச் செல்வது நல்லது. திங்கட்கிழமையைத் தவிர்ப்பது என் யோசனை. குறைதீர் நாள் கூட்டத்துக்கு மனுவோடு வருபவர்களால் அன்று வளாகமே நிரம்பியிருக்கும். அஞ்செட்டியிலிருந்து கிருஷ்ணகிரிக்கோ, பென்னாகரத்து மலையோரக் கிராமங்களிலிருந்து தருமபுரிக்கோ வருபவர்களுக்கு ஒரு நகல் குறைந்தாலும் ஒரு நாள் கூலி போய்விடும். எனவே புறப்படும் முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்து, பழைய அட்டையின் எண்ணைச் சொல்லி, அது நடப்பில் உள்ளதா, அதில் யார் யார் பெயர் உள்ளன என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு முடிந்ததும் அட்டை எண்ணைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குத் தேவைப்படுவது அந்த எண்தான்.

மருத்துவமனையில் அட்டையைப் பயன்படுத்துதல்

சளி, காய்ச்சலுக்கு வெளிநோயாளியாகக் காட்டிவிட்டு வருவதற்கு இந்த அட்டை பயன்படாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு மருத்துவமனையும் உள்ளன. உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும், திட்டப் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கும் அறுவைகளுக்கும்தான் காப்பீடு உதவும். பிறவி இதயக் கோளாறுக்கான அறுவையும், பிறவியிலேயே காது கேளாத, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் செவியினுள் கருவி பொருத்தும் அறுவையும் இதில் அடங்கும். இரண்டாவது அறுவைக்கு வயதுதான் முக்கியம். ‘அப்பா மாதிரி தாமதமாகப் பேசுவான்’ என்று காத்திருந்து அந்த வயதைக் கடத்திவிடக் கூடாது.

இத்தகைய கோளாறுகளைக் கண்டறிய, அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வந்து, 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அவர்கள் பரிந்துரைச் சீட்டு கொடுத்தால், அதை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் காட்டுங்கள். அங்கிருந்து மேல்சிகிச்சைக்கும் காப்பீட்டுக்கும் வழிகாட்டுவார்கள். மதிய உணவுத் தட்டோடு பைக்குள் கசங்கிப்போகும் அந்தச் சீட்டைத் தேடி எடுங்கள்.

தனியார் மருத்துவமனைக்குச் செல்வதானால், அது திட்டத்தில் உள்ளதா என்று மட்டும் கேட்டால் போதாது. ஒரு மருத்துவமனை எலும்பு முறிவுக்கு மட்டும் அங்கீகாரம் பெற்றிருக்கலாம். அங்கே குழந்தையின் இதய அறுவைக்கு அட்டை செல்லாது. உங்கள் குழந்தைக்கு மருத்துவர் சொன்ன அதே சிகிச்சைக்கு அங்கே காப்பீடு கிடைக்குமா என்று கேட்க வேண்டும். பெங்களூரில் கட்டட வேலைக்குச் சென்றிருப்பவர்கள், அங்குள்ள மருத்துவமனையில் அட்டை செல்லும் என்று தாமாக நம்பிவிடாமல், கட்டணமில்லா எண்ணில் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சேர்த்தவுடன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்குச் சென்று அட்டை எண், குடும்ப அட்டை, குழந்தையின் ஆதார் ஆகியவற்றைக் கொடுங்கள். பரிசோதனை முடிவுகளோடு அவர்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன் அனுமதி கேட்டு அனுப்புவார்கள். அனுமதி வந்ததா, எந்தச் சிகிச்சைக்கு, எவ்வளவு தொகைக்கு வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. பிறந்த குழந்தைக்கு உடனே தீவிர சிகிச்சை தேவைப்பட்டால், ஆவணங்கள் தயாராகும் வரை காத்திராமல், தாயின் அட்டையையும் பிரசவ ஆவணங்களையும் காட்டி அந்தப் பிரிவிலேயே வழி கேளுங்கள்.

அனுமதி கிடைத்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால், எதற்கு என்று எழுத்து மூலம் கேளுங்கள். செலுத்த நேர்ந்தால் ரசீது வாங்கிக்கொண்டு, மேலே சொன்ன எண்ணிலோ ஆட்சியர் அலுவலகத்திலோ புகார் செய்யலாம். வீடு திரும்பும்போது சிகிச்சைச் சுருக்கத்தின் நகலை வாங்கி, குடும்ப அட்டையோடு வைத்திருங்கள். அடுத்த பரிசோதனைக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.