கம்பெனி வேறு மாநிலம், அடிபட்டது இங்கே: கேஸை எங்கே போடுவது?

அமெரிக்கா வந்த புதிதில் சோஷியல் செக்யூரிட்டி, லைசென்ஸ், வாடகை வீடு என்று அலைவோம். லாரி இடித்தால் எங்கே போய் நஷ்ட ஈடு கேட்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் வந்த இரண்டாம் வருஷம் நியூஜெர்சி டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஒரு டிரக் என் காரைப் பின்னாலிருந்து இடித்தது. கழுத்தில் பட்டையோடு படுத்திருந்தபோது டிரக் கம்பெனியிலிருந்து போனில் பேசியவர், "எங்களுடையது டெலவேர் கம்பெனி, கேஸ் என்றால் அங்கேதான்" என்றார். அதை நம்பி நாலு மாதத்தை வீணாக்கினேன். அவர் சொன்னது தவறு. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

பொதுவாக ஒரு கார்ப்பரேஷனுக்குச் சட்டப்படி இரண்டு ஊர் உண்டு: அது பதிவான மாநிலம், அதன் தலைமை அலுவலகம் இருக்கும் மாநிலம். தலைமை அலுவலகம் என்றால் மேலதிகாரிகள் உட்கார்ந்து முடிவெடுக்கும் இடம் என்று 2010-இல் ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் கம்பெனியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த இரண்டு மாநிலங்களிலும், விபத்து எங்கே நடந்திருந்தாலும் அந்தக் கம்பெனி மீது வழக்குப் போடலாம். டெலவேரின் வில்மிங்டனில் ஒரே ஒரு கட்டட முகவரியில் லட்சக்கணக்கான கம்பெனிகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றின் லாரியோ ஊழியரோ அங்கே இருப்பதில்லை, வரும் தபாலையும் சம்மனையும் வாங்கிக்கொள்ள ஏஜெண்ட் மட்டும்தான்.

அதற்காக நீங்கள் வில்மிங்டனுக்கு ஓட வேண்டியதில்லை. கம்பெனி உங்கள் மாநிலத்தில் தொழில் செய்து, அந்தத் தொழிலோடு தொடர்புடைய விதத்தில் உங்களுக்கு அடிபட்டிருந்தால் உங்கள் மாநில நீதிமன்றமே விசாரிக்கலாம். ஃபோர்டு கார் கம்பெனி இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. விபத்துகள் நடந்தது மொன்டானாவிலும் மின்னசோட்டாவிலும், அந்தக் கார்கள் முதலில் விற்கப்பட்டதோ வேறு மாநிலங்களில். ஆனாலும் அதே மாடல்களை இங்கே விளம்பரம் செய்து விற்று, சர்வீஸும் பார்க்கிறீர்கள், ஆகவே இங்கேயே பதில் சொல்லுங்கள் என்று 2021-இல் தீர்ப்பானது. உங்கள் ஊர் ரோட்டில் ஓடி இடித்த டிரக்குக்கு இந்த வாதமே அநேகமாகத் தேவைப்படாது.

ஆனால் சின்ன கடைகள் விஷயம் வேறு. புராஜெக்ட் முடிந்ததும் மூட்டை கட்டி மாநிலம் மாறும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு குடும்பம் நியூயார்க்கில் ஆடி கார் வாங்கி அரிசோனாவுக்குக் குடிபெயரும் வழியில், 1977-இல் ஓக்லஹோமாவில் விபத்துக்குள்ளானது. ஓக்லஹோமாவில் தொழிலே செய்யாத நியூயார்க் டீலரை அங்கே இழுக்க முடியாது என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள், எந்தக் கடை, எந்த மாநிலம் என்பதற்கு அதுதான் சாட்சி.

எதிர்த்தரப்பு கேஸை ஃபெடரல் (மத்திய அரசின்) கோர்ட்டுக்கு மாற்றினாலும் பயப்படாதீர்கள். இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தவராகவோ, ஒரு தரப்பு மட்டும் விசாவில் இருக்கும் நம்மைப் போல் வெளிநாட்டவராகவோ இருந்து, கேட்கும் தொகை 75,000 டாலரைத் தாண்டினால் அவர்கள் அப்படிக் கேட்கலாம். போவது உங்கள் மாநிலத்தில் இருக்கும் ஃபெடரல் கோர்ட்டுக்குத்தான். விசாவில் இருப்பதால் நஷ்ட ஈடு கேட்கும் உரிமை போய்விடாது.

நீங்களே கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலோ, சம்மதம் கொடுத்த மொபைல் ஆப்பிலோ "வழக்கு இன்ன ஊரில்" என்று எழுதியிருந்தால் மட்டும் கணக்கு மாறும். லாயரிடம் அதை முதலிலேயே காட்டுங்கள். காய வழக்குகளில் பல லாயர்கள் ஜெயித்தால் மட்டும் பங்கு வாங்குவார்கள், முதல் பேச்சுக்குக் காசு கேட்க மாட்டார்கள். வழக்குப் போடும் கெடுவைத் தவற விடாதீர்கள்: நியூஜெர்சி, டெக்சாஸ், கலிஃபோர்னியாவில் பொதுவாக 2 வருஷம், நியூயார்க்கில் 3, டென்னசியில் 1 வருஷம்தான்.

விபத்து நடந்த இடத்திலேயே டிரக்கின் முன்பக்கக் கதவைப் போட்டோ எடுங்கள். கம்பெனியின் பெயரும் "யுஎஸ் டாட்" (USDOT) என்று தொடங்கும், மத்திய போக்குவரத்துத் துறை தரும் எண்ணும் அதில் இருக்கும். பின்னால் இழுத்துவரும் பெட்டியில் வேறு பெயர் இருக்கலாம், அதை நம்பி ஏமாறாதீர்கள். எனக்கு அன்று உதவிக்கு வந்த நண்பர் அந்தக் கதவைப் போட்டோ எடுத்திருந்தார். லாயர் அந்த எண்ணை வைத்து அரசாங்க இணையதளத்தில் கம்பெனியைக் கண்டுபிடித்தார். மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் டிரக் கம்பெனிகள் தாங்கள் ஓட்டும் ஒவ்வொரு மாநிலத்திலும் சம்மன் வாங்க ஒரு ஏஜெண்டை நியமிக்க வேண்டும் என்பது ஃபெடரல் விதி. என் கேஸ் நியூஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக்கில் பதிவானது. சம்மனை வாங்கிக்கொள்ள அந்த "டெலவேர் கம்பெனி"க்கு அதே மாநிலத்து டிரென்டனிலேயே ஒரு ஏஜெண்ட் இருந்தார்.