ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கும்போதே எலும்பைக் காப்பது எப்படி?

ஆஸ்துமா, முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களுக்குப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 3 மாதமோ அதற்கு மேலோ சாப்பிட வேண்டியிருந்தால், எலும்புக்கான ஏற்பாட்டை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். எலும்பு மிக வேகமாகக் கரைவது முதல் 3 முதல் 6 மாதங்களில்தான். வலி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவருக்கு, முதுகெலும்பு ஒன்று வலியே இல்லாமல் நசுங்கியிருக்கக்கூடும். மூட்டு வலிக்கென்று பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் பொடியிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு என்பதால், அதைச் சாப்பிடுபவரும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அடங்கியிருக்கும் நிலையில் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைக் குறைக்க வழியுண்டா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

செருப்பில்லாமல் கதவு நிலையில் முதுகைச் சாய்த்து நின்று, உச்சந்தலைக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். 6 மாதம் கழித்து உயரம் 2 செ.மீ. குறைந்திருந்தால் முதுகெலும்பு எக்ஸ்ரே தேவைப்படும். 40 வயது கடந்தவர்கள் முதல் 6 மாதத்துக்குள், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் எடுத்துக்கொள்வது நல்லது.

நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி. இருப்பதால் காலைக் கூழை விட வேண்டியதில்லை; கடலூர் முதுநகரில் வாங்கும் நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால்தான் பலன். கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுங்கள். தைராய்டு, இரும்புச்சத்து மாத்திரைகளோடு சேர்க்காதீர்கள். வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டை மருத்துவர் சொன்ன வாரங்களுக்கு மேல் தொடர வேண்டாம்.

எலும்பு முறியும் அபாயம் அதிகமென்றால் பெரும்பாலும், எலும்பு கரைவதைத் தடுக்கும் அலென்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரையை வாரம் ஒருமுறை எழுதித் தருவார்கள். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையச் சாதாரணத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல், எதையும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும், மருந்தும் உடலில் சேராது. எழுந்தவுடன் காபி குடித்துப் பழகிய நம்மவர்களுக்குச் சிகிச்சையிலேயே கடினமான பகுதி இந்த அரை மணி நேரம்தான். பல் பிடுங்க வேண்டியிருந்தால் இந்த மருந்தைத் தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறோ கர்ப்பத் திட்டமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்டீராய்டு தொடைத் தசையையும் தளர்த்தும்; அதனால் நடப்பதும், விழாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். மாலை 6 மணிக்கு மேல் வண்டி நுழையாத புதுச்சேரி கடற்கரைச் சாலை நடப்பதற்கு ஏற்ற இடம். வீட்டில் குளியலறைத் தரை ஈரமாகக் கிடக்காமல் பார்த்துக்கொண்டு, சுவரில் பிடிமானக் கம்பி ஒன்றும் பொருத்திவிடுங்கள்.