தைரொயிட் புற்றுநோய் பரவுமா? மரபணு ரிப்போட்டை வாசிக்கும் முறை

திருகோணமலையில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். உப்புவெளியில் உள்ள என் வீட்டுக்குக் கழுத்துத் தையல் ஆறுவதற்கு முன்பே ஃபைலோடு பெண்கள் வருகிறார்கள். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும்கூட வருவார்கள். கேள்வி ஒன்றுதான்: “மிஸ், இது வேற இடத்துக்குப் பரவுமோ?” கையில் கொழும்புக்கோ இந்தியாவுக்கோ அனுப்பி எடுத்த மரபணு ரிப்போட். அதில் “பிராஃப் வி600ஈ – கண்டறியப்பட்டது” என்ற வரியை யாரோ சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருப்பார்கள். அந்த வட்டத்தைப் பார்த்தே வீட்டில் எல்லாரும் பாதி உயிராகியிருப்பார்கள்.

அந்தத் தாளை முதலில் கீழே வையுங்கள். பயொப்ஸி ரிப்போட்டை மேலே எடுங்கள். எந்த வகைப் புற்றுநோய் என்று பாருங்கள்: பப்பிலரியா, ஃபொலிகுலரா, மெடுலரியா? வகை மாறினால் குறியீடுகளின் அர்த்தமே மாறிவிடும். பப்பிலரி பெரும்பாலும் கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போகும். ஃபொலிகுலர் இரத்தக் குழாய் வழியாக நுரையீரலுக்கும் எலும்புக்கும் போகக்கூடியது. அடுத்து, கட்டி தைரொயிட்டைத் தாண்டி வெளியே வளர்ந்திருக்கிறதா, இரத்தக் குழாய்க்குள் புகுந்திருக்கிறதா, எத்தனை முடிச்சுகளில் நோய் இருக்கிறது என்று பாருங்கள். முடிச்சில் உள்ள நோய் 3 சென்ரிமீற்றரைத் தாண்டினால் வைத்தியர்கள் அதை உயர் ஆபத்தாகவே எடுப்பார்கள். எந்த மரபணுச் சோதனையும் இந்த வரிகளுக்குப் பதிலாகாது.

சரி, இப்போது மரபணுத் தாள். பி, ஆர், ஏ, எஃப் என்ற நான்கு எழுத்துகள்தான் பிராஃப், ஒரு மரபணுவின் பெயர். வி600ஈ என்பது அதில் வரும் ஒரு மாற்றம். பப்பிலரி நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இந்த மாற்றம் இருக்கும். அந்தப் பாதிப் பேரில் பெரும்பாலானவர்கள் சிகிச்சைக்குப் பின் நன்றாகவே வாழ்கிறார்கள். முடிச்சுகளுக்குப் பரவுவதோடு இதற்குத் தொடர்பு உண்டு. சிகிச்சைக்காகக் கொடுக்கும் கதிரியக்க அயடீனைக் கட்டி உறிஞ்சும் திறனையும் இது குறைக்கக்கூடும். ஆனால் இதை மட்டும் வைத்து யாருக்குப் பரவும், யாருக்குப் பரவாது என்று பிரிக்க முடியாது. சிவப்பு வட்டம் போட்டவருக்கு நான் சொல்வதும் இதுதான்.

கவனமாகத் தேட வேண்டியது டி, ஈ, ஆர், டி. டெர்ட் மரபணுவின் தொடக்கப் பகுதியில் சி228டி அல்லது சி250டி என்ற மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். தைரொயிட் புற்றுநோயில் இது இருப்பது 2013இல் தெரியவந்தது. கலம் ஓயாமல் பிரிந்துகொண்டே போக உதவும் நொதியை இந்த மாற்றம் தூண்டிவிடுகிறது. பிராஃபும் டெர்ட்டும் ஒரே கட்டியில் சேர்ந்தால் ஒன்றை ஒன்று பலப்படுத்தும்: பிராஃப் முடுக்கும் புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்ள டெர்ட் மாற்றம் புதிய இடம் கொடுக்கிறது. நோய் திரும்புவதும் தூரத்து உறுப்புகளுக்குப் போவதும் இந்தச் சோடி உள்ளவர்களிடம் கூடுதல். ராஸ் என்ற இன்னொரு மரபணுவின் மாற்றத்தோடு டெர்ட் சேர்ந்தாலும் இதே கவனம் வேண்டும். ஆகவே தனி எழுத்தைப் பார்க்காதீர்கள், சோடியைப் பாருங்கள். ரிப்போட்டில் டெர்ட் என்ற பெயரே இல்லையென்றால், அதைச் சோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். இல்லை என்று அர்த்தமல்ல. பிராஃபை மலிவான நிறமூட்டல் முறையிலும் கண்டுபிடிக்கலாம். டெர்ட்டுக்கு டிஎன்ஏ சோதனைதான் வேண்டும்.

அதற்கு உங்கள் புளொக் தேவை. நோயாளிகள் யாரும் இதைக் கண்டிருக்க மாட்டார்கள். தீப்பெட்டியளவு பிளாஸ்டிக் சட்டம், அதில் மெழுகு, மெழுகுக்குள் உங்கள் கட்டியிலிருந்து எடுத்த வெளிறிய சதைத் துண்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதிய இலக்கம். மை கரைந்துவிடும் என்பதால் பென்சில். பயொப்ஸி ரிப்போட்டின் மேல்பகுதியில் அதே இலக்கம் இருக்கும். கிளினிக் கொப்பியில் அதைக் குறித்துவையுங்கள். மேலதிக சோதனைக்குப் புளொக்கைக் கேட்டு வாங்கும்போது, கட்டிப் பகுதி அதிகமாக உள்ளதைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். கட்டிக் கலங்கள் குறைவென்றால் இருக்கும் மாற்றமும் தெரியாமல் போகலாம். பகல் வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் புளொக்கை விட்டுவிடாதீர்கள். மெழுகு இளகிவிடும்.

தைரொயிட்டை முழுதாக எடுத்தவர்களுக்கு அப்புறம் வழிகாட்டுவது இரத்தத்தில் உள்ள தைரோகுளோபுலின், தைரொயிட் கலங்கள் சுரக்கும் ஒரு புரதம். ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்துத் தூக்கம் கெடுக்க வேண்டாம். எண் ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. அதற்காக ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள். இடத்துக்கிடம் முறை மாறும், எண்ணும் மாறும். கூடவே தைரோகுளோபுலின் எதிர்ப்பொருளையும் பார்க்க வேண்டும். அது இருந்தால் தைரோகுளோபுலின் குறைவாகக் காட்டப்படலாம். முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் மாத்திரை குடிப்பவர்கள் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். அதுவும் சில கருவிகளில் முடிவைப் பிழையாக்கும்.

மெடுலரி என்றால் பாதையே வேறு. அங்கே பார்க்க வேண்டியவை கல்சிட்டோனின், சிஈஏ என்ற இரண்டு இரத்த அளவுகளும், எவ்வளவு காலத்தில் அவை இரட்டிப்பாகின்றன என்பதும். கல்சிட்டோனின் 6 மாதத்துக்குள் இரட்டித்தால் நோய் வேகமாகப் போகிறது என்று பொருள். ரெட் மரபணுவைக் கட்டியில் மட்டுமல்ல, இரத்தத்திலும் சோதிக்க வேண்டும். மெடுலரி நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருகிறது. இரத்தத்திலும் மாற்றம் இருந்தால் பிள்ளைகளையும் சகோதரர்களையும் சோதிக்கச் சொல்லி வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள். “சின்னப் பிள்ளைக்கு ஏன் இப்பவே” என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். கழுத்தில் கட்டி தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். மாற்றம் உள்ள பிள்ளைக்குப் புற்றுநோய் தொடங்குமுன்பே தைரொயிட்டை எடுத்துவிட முடியும்.