சொந்த ஃபிரேம்வொர்க்கா, இருப்பதை எடுப்பதா: முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையச் செயலிகளைக் கட்டுவதற்கான அடிப்படை நிரல் தொகுப்பான வெப் ஃபிரேம்வொர்க் ஒன்றைச் சொந்தமாக எழுத முனைவோர் பெரும்பாலும் செய்யும் தவறு, முழு வேலையின் அளவை முதல் வாரத்தை வைத்துக் கணிப்பதுதான். வரும் முகவரியைப் பார்த்து உரிய நிரலுக்கு அனுப்பும் ரூட்டிங்கையும், பக்கத்தை உருவாக்கித் தரும் டெம்ப்ளேட்டையும் அனுபவமுள்ள ஒருவர் சில நாட்களில் எழுதிவிட முடியும். அது ஓடத் தொடங்கியதும் பாதிக் கிணறு தாண்டிவிட்டதாகத் தோன்றும். ஆனால் தாண்டியது கண்ணுக்குத் தெரிந்த பகுதியை மட்டுமே.

லாகின் பகுதியையே எடுத்துக்கொள்வோம். பல தளங்களில், பயனர் கடவுச்சொல்லைத் தருவதற்கு முன்பே அவருடைய உலாவிக்கு, அவரை அடையாளம் காணத் தளம் தரும் ஒரு செஷன் எண் குக்கீயாக, அதாவது உலாவி சேமித்துவைக்கும் சிறு குறிப்பாக, சென்றுவிடுகிறது. லாகின் முடிந்த பின்னும் அதே எண் நீடித்தால், அந்த எண்ணை முன்கூட்டியே அவருடைய உலாவியில் பதித்துவைத்த வேறொருவர், கடவுச்சொல் தெரியாமலேயே அவருடைய கணக்கிற்குள் நுழைந்துவிடலாம். கடவுச்சொல் சரியென்று உறுதியானதும் எண்ணை மாற்றிவிட்டால் போதும். ஒன்றிரண்டு வரிகளில் முடிகிற வேலை இது. ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க்கின் லாகின் வசதி இதைத் தானாகவே செய்கிறது. சொந்தமாக எழுதுபவருக்கோ அந்த வரி தேவை என்பதே தோன்றியாக வேண்டும், ஏனென்றால் அது இல்லாவிட்டாலும் லாகின் ஒழுங்காகவே வேலை செய்யும், சோதனைகளும் தேறிவிடும். இப்படிப்பட்ட வரிகள் எத்தனை விடுபட்டிருக்கின்றன என்பது எழுதியவருக்கே தெரியாது என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

செயலி எதுவும் கையில் இல்லாமல் ஃபிரேம்வொர்க்கை முதலில் கட்டத் தொடங்குவதும் தவறு. ஜாங்கோ, கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் ஒரு செய்தித்தாள் நிறுவனத்தின் தளங்களை உருவாக்கும் அன்றாட வேலையில் வளர்ந்து, 2005இல் பொதுவெளிக்கு வந்தது. 2004இல் வெளியான ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற ஃபிரேம்வொர்க், பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மைச் செயலியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. உண்மையான பயனர்களின் தேவைகளே அவற்றுக்கு வடிவம் கொடுத்தன. கற்பனையான தேவைகளுக்காக எழுதப்படும் அடுக்குகள் பெரும்பாலும் முதல் உண்மையான தேவை வந்ததுமே குறுக்கே நிற்கின்றன.

இருப்பதை எடுத்துக்கொண்டதால் பொறுப்பு கைமாறிவிட்டது என்று எண்ணுவதும் இதற்குக் குறையாத ஆபத்து. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஃபிரேம்வொர்க்கில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வெளிவந்திருந்தும், கடன் தகவல்களைத் திரட்டும் அமெரிக்க நிறுவனமான எக்விஃபாக்ஸின் ஓர் இணையதளத்தில் அது பொருத்தப்படாமல் கிடந்ததால், ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் புகழைவிட, பாதுகாப்புத் திருத்தங்கள் எவ்வளவு விரைவாக வருகின்றன, ஒரு பதிப்புக்கு எத்தனை ஆண்டு ஆதரவு உண்டு, அடுத்த பதிப்புக்கு மாறுவது எவ்வளவு கடினம் என்பவற்றைப் பார்ப்பதே பயன் தரும். ஆங்குலர் ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க்கை நம்பியிருந்தவர்கள், 2016இல் முற்றிலும் மாற்றி எழுதப்பட்ட ஆங்குலர் 2 வந்தபோது பெரும் வேலையைச் சுமக்க நேர்ந்தது. பழையதற்கான ஆதரவு 2021 இறுதியோடு நின்றது.

கற்றுக்கொள்வதற்காக எழுதுவது வேறு; அதை நான் மனமார ஊக்குவிப்பேன். அளந்து பார்த்து, எந்த ஃபிரேம்வொர்க்காலும் தாங்க முடியாத தேவை என்று உறுதியானாலும் சொந்தமாக எழுதலாம். மற்றபடி, ஃபிளாஸ்க் போன்ற சிறிய ஒன்றை எடுத்து, வேண்டிய நிரல் நூலகங்களை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களை) மட்டும் சேர்த்துக்கொள்ளும் நடுவழி இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எடுத்துக்கொண்ட ஃபிரேம்வொர்க்கின் உள்நிரலைத் தமக்கேற்பத் திருத்துவதை நான் மிகவும் அஞ்சுகிறேன். அவசரத்திற்கு ஒரு கோப்பில் நான்கு வரிகளை மாற்றுகிறார்கள். அடுத்த பாதுகாப்புப் பதிப்பு வரும்போது அதே கோப்பு அங்கே மாறியிருக்கிறது. திருத்தத்தைப் பொருத்தினால் செயலி உடைகிறது, பொருத்தாவிட்டால் ஓட்டை திறந்தே கிடக்கிறது. அந்த நான்கு வரிகளை எழுதியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.